ஒரே மேடையில் வேதியியலும் நடனமும்: வாசகர் கேள்வி – பதில்

பல துறைகள் கூடி நடத்தும் பல்கலைக்கழகக் கலைவிழாக்களைப் பற்றி வந்த கேள்விகளில் எட்டுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். செய்து பார்க்கக்கூடியவற்றுக்கு அளவுகளும் உண்டு.

கேள்வி: பன்னிரண்டு துறைகளை அழைத்தோம், எல்லோரும் வந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு மேசை போட்டு, அவரவர் பொருளை அடுக்கிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டார்கள். இந்த ஆண்டாவது சேர்ந்து செய்யவைக்க என்ன வழி?
— விழா ஒருங்கிணைப்பாளர்

துறைக்கு ஒரு மேசை என்று ஒதுக்கிய அன்றே அது முடிவாகிவிட்டது. இடத்தைத் துறைக்குக் கொடுக்காதீர்கள், படைப்புக்குக் கொடுங்கள். விண்ணப்பத்தில் துறையின் பெயர் எழுத இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். ஒன்று மட்டும் நிரம்பி வந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள். கண்டிப்பாகத் தோன்றும், ஆனால் பேச்சைத் தொடங்கிவைப்பது இந்தக் கண்டிப்புதான்.

அடுத்தது கருப்பொருள். 'வளர்ச்சி', 'ஒற்றுமை' போன்ற தலைப்புகளில் எல்லோரும் சுவரொட்டி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கையால் தொடக்கூடிய ஒன்றை வையுங்கள்: நிழல், கயிறு, எடை, உப்பு. உப்பையே எடுத்துக்கொள்வோம். வேதியியலாருக்கு அது படிகம். உடலியங்கியலாருக்கு 0.9 சதவீத உப்புநீர். வரலாற்றாருக்கு வரி: பிரான்சில் புரட்சிக்குப் பின் 1790-ல் ஒழிக்கப்பட்ட உப்பு வரி, இந்தியாவில் 1930-ன் தண்டி யாத்திரை. சம்பளத்தைக் குறிக்கும் 'சாலரி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல் என்பது மொழியியலாருக்குப் போதுமான தொடக்கம். நடனத்துறை இதில் எங்கே வரும் என்று கேட்பீர்கள். கரைசலில் தாறுமாறாக அலையும் அயனிகள் ஒழுங்கான சதுர அடுக்காக உறைவது முழுக்க முழுக்க அசைவைப் பற்றிய விஷயம்.

விழாவுக்குப் பதினான்கு வாரம் முன்பு முதல் கூட்டத்தை வையுங்கள். ஒவ்வொரு துறைக்கும் மூன்று நிமிடம். சொல்ல வேண்டியவை இரண்டே: எங்களிடம் இருப்பது என்ன, எங்களால் முடியாதது என்ன. இரண்டாவதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். "எங்கள் தரவைக் கேட்கிற மாதிரி ஆக்கத் தெரியாது" என்ற வரிக்குப் பக்கத்தில் இசைத்துறை மாணவர் ஒருவர் தானாகவே வந்து நிற்பார். இணைகள் பெரும்பாலும் முடியாதவற்றின் பட்டியலிலிருந்துதான் பிறக்கின்றன. பெருமைகளின் பட்டியலிலிருந்து பிறந்தவை குறைவு. குழுவில் நான்கு முதல் ஆறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் செய்வார்கள், ஆறு பேர் படம் எடுப்பார்கள்.

நான்காம் வாரம் அட்டையும் கயிறும் கொண்டு ஒரு கச்சா வடிவம், எட்டாம் வாரம் ஓடுகிற வடிவம், பன்னிரண்டாம் வாரம் விழா நடக்கும் அதே இடத்தில் ஒத்திகை. கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்க அனுமதிக்காதீர்கள்.

எட்டாம் வாரம் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு துறைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் படைப்பு நிற்குமா? நின்றால், எடுத்த துறை வெறும் அலங்காரம். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் பத்துக் கலைஞர்களும் பெல் தொலைபேசி ஆய்வகப் பொறியாளர்கள் முப்பது பேர் அளவிலும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சி வரிசையில், ஓவியர் ராபர்ட் ரோஷன்பெர்க் மேடையில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை வைத்தார். மட்டையின் கைப்பிடிக்குள் சிறிய ரேடியோ பரப்பி. பந்து மட்டையில் படும் ஒவ்வொரு முறையும் அரங்கு முழுக்க ஓசை எழும்பும், ஒரு விளக்கு அணையும். ஆட ஆட அரங்கு இருளும். பொறியாளரை எடுத்துவிட்டால் இதில் மிஞ்சுவது வெறும் டென்னிஸ். கலைஞரை எடுத்துவிட்டால் பழுதான ஒரு விளக்கு இணைப்பு. இந்த அளவுக்குப் பின்னிப்போக வேண்டும். அவர்களே பல மாதங்கள் முன்னதாக உட்கார்ந்து பேசத் தொடங்கியவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று வாரத்தில் இது வராது.

கேள்வி: நூறு ஆண்டு வெப்பநிலைப் பதிவுகளை இசையாக மாற்றினோம். கேட்டவர்கள் "இரைச்சலாக இருக்கிறது" என்கிறார்கள். எங்கே தவறு?
— புள்ளியியல் மாணவி

பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, எண்ணை நேரடியாக அதிர்வெண்ணாக மாற்றியிருப்பீர்கள். காது இரண்டு சுருதிகளுக்கிடையே உள்ள தூரத்தைக் கழித்து அளப்பதில்லை, விகிதமாக அளக்கிறது. 220 ஹெர்ட்ஸிலிருந்து 440-க்குப் போவதும் 440-லிருந்து 880-க்குப் போவதும் காதுக்கு ஒரே தூரம். 220 முதல் 880 வரை எடுத்துக்கொண்டு நேர்க்கோட்டில் பிரித்தால் நடுமதிப்பு 550-ல் விழும். காதுக்கு நடு என்பது 440. அதனால் கீழ்ப்பகுதியின் சிறு மாற்றங்கள் பெரிதாகவும் மேல்பகுதியின் மாற்றங்கள் சிறிதாகவும் ஒலிக்கும். சரியான வழி: தரவை முதலில் 0-லிருந்து 1 வரை சுருக்குங்கள். பிறகு அதிர்வெண் = 220 × 4-ன் அடுக்கு அந்த எண். 0 என்றால் 220, 0.5 என்றால் 440, 1 என்றால் 880.

இரண்டாவது, விட்டுப்போன ஆண்டுகள். கோப்பில் வெற்றுக் கட்டங்கள் பூச்சியமாகப் பதிவாகியிருந்தால் அந்த இடத்தில் சுருதி திடீரென அடிமட்டத்துக்கு விழும். கேட்பவர் அதை வரலாறு காணாத குளிர் என்று எடுத்துக்கொள்வார். தரவு இல்லாத இடத்தில் மௌனம் இருக்கட்டும். அதுதான் நேர்மை; இசையாகவும் அது நன்றாக அமையும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது. வெப்பம் சுருதிக்கு, மழை ஒலி அளவுக்கு, காற்று தாளத்துக்கு என்று கட்டினால் ஒன்றும் விளங்காது. குறிப்பாக ஒலி அளவை நம்பாதீர்கள்: ஒரே அளவில் வரும் தாழ்ந்த சுருதியும் உயர்ந்த சுருதியும் காதுக்கு ஒரே உரப்பாகக் கேட்பதில்லை. சுருதிக்கு ஒரே ஒரு தரவு. இரண்டாவது தேவையென்றால் வேறு வாத்தியத்தில், வேறு பக்க ஸ்பீக்கரில்.

இசைத்துறை நண்பர் உள்ளே வர வேண்டிய இடம் இது. நூறு ஆண்டுகளின் சராசரிக்கு இணையான ஸ்வரத்தைத் தம்புராவைப் போலத் தொடர்ந்து ஒலிக்கவிடச் சொல்லுங்கள். அந்த ஆதாரம் இருந்தால்தான் மற்ற ஸ்வரங்கள் மேலே போகின்றனவா கீழே வருகின்றனவா என்று காது பிடித்துக்கொள்ளும். நொடிக்கு மூன்று அல்லது நான்கு ஸ்வரம். நூறு ஆண்டும் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் இரண்டு முறை வாசியுங்கள். தொடங்கும் முன் மிகத் தாழ்ந்த ஆண்டு, சராசரி, மிக உயர்ந்த ஆண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே ஒலித்துக் காட்டுங்கள்.

ஐந்து ஸ்வரங்கள் கொண்ட ராகத்தில் பொருத்தினால் இனிமையாக இருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு ஸ்தாயிக்கு மொத்தம் பதினோரு படிகளே கிடைக்கும். சின்னச் சின்ன ஏற்றங்கள் ஒரே ஸ்வரத்தில் அமுங்கிப்போகும். எதைச் சொல்ல வந்தீர்களோ அதை இனிமைக்காக இழக்க வேண்டாம்.

கேள்வி: தகட்டின் மேல் மணலைத் தூவி ஒலியால் உருவங்கள் வரவழைக்கும் சோதனையை ஓவியத்துறையுடன் சேர்ந்து செய்கிறோம். மணல் குதிக்கிறது, கோலம் விழவில்லை.
— இயற்பியல் மாணவர்கள்

ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-ல் வெளியிட்ட இந்தச் சோதனையை அவர் செய்தது வயலின் வில்லால். தகட்டின் ஓரத்தில் தேய்த்தார். நீங்கள் அதிர்வுக் கருவியும் சைன் அலை உண்டாக்கும் கருவியும் வைத்திருப்பீர்கள். அதனால் வரும் சிக்கல்: எல்லா அதிர்வெண்ணிலும் கோலம் விழாது. தகடு இயல்பாகவே பலமாக அதிரும் சில அதிர்வெண்களில் (ஒத்ததிர்வில்) மட்டுமே விழும், அந்த இடமும் மிகக் குறுகியது. வேகமாகத் திருகினால் தாண்டிப் போய்விடுவீர்கள். 100 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். மணல் சட்டென்று துள்ளும் இடத்தில் நின்று, ஒவ்வொரு ஹெர்ட்ஸாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கிடைத்த எண்களைத் தகட்டின் அடியிலேயே எழுதி வையுங்கள். விழா நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

தகடு: 1 மில்லிமீட்டர் அலுமினியம், 24 சென்டிமீட்டர் சதுரம், நடுவில் ஒரே திருகு. துளை நடுவிலிருந்து சற்று விலகினாலும் கோலம் ஒரு பக்கம் சாயும். மட்டம் பார்க்கும் கருவியை மேலே வைத்துச் சரிபாருங்கள். சாய்ந்த தகட்டில் மணல் கீழ்ப்பக்கம் வழிந்துவிடும். மணலைச் சலித்து, சூடாக்கி, ஈரம் போக்கியபின் பயன்படுத்துங்கள். உப்பும் போடலாம், ஆனால் ஈரக்காற்றில் கட்டிபிடிக்கும்.

மாவு போன்ற மென்தூள் வேண்டாம். மணல் தகடு அசையாத கோடுகளில் சேரும். மென்தூளோ அதிகம் அசையும் இடங்களில் குவியும். தகட்டுக்கு மேலே எழும் காற்றோட்டம் அதை அங்கே அடித்துச் செல்கிறது என்று 1831-ல் ஃபாரடே விளக்கினார். இரண்டையும் கலந்து தூவினால் கோலமும் அதன் எதிர்க்கோலமும் ஒன்றாகத் தெரியும். இதை ஓவிய நண்பர்களிடம் சொல்லுங்கள்: தகட்டுக்குப் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம், வெள்ளை மணல், நிறமேற்றிய தூள். காமிரா தகட்டுக்கு நேர் மேலே, விளக்கு பக்கவாட்டில் தாழ்வாக.

கணிதத் துறையையும் கூப்பிடுங்கள். அதிரும் தகட்டுக்கான கணக்கு ஒரு பெண்ணின் பெயரோடு சேர்ந்தது: சோஃபி ஜெர்மேன். அதற்காக 1816-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். கோலத்துக்குப் பக்கத்தில் அவருடைய கதை இருந்தால் அறை நிறைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. ஆயிரம் முதல் நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி. அந்தச் சீழ்க்கையைத் தொடர்ந்து கேட்பது சித்திரவதை. தனி அறை, ஒரு தடவைக்கு இருபது நொடி, கருவியை இயக்குபவருக்குக் காதடைப்பான்.

கேள்வி: தாவரவியலும் வேதியியலும் சேர்ந்து, பார்வையாளர்களே ரசாயனம் பூசிய தாளில் இலையை வைத்து, வெயிலில் காட்டி, நீலநிற ஒளிப்படம் (சயனோடைப்) எடுக்கும் பயிற்சி நடத்த நினைக்கிறோம். அறுபது பேருக்கு எவ்வளவு ரசாயனம் வேண்டும்?
— வேதியியல் ஆய்வு மாணவர்

நல்ல தேர்வு. 1842-ல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த ஆண்டே தாவரவியலாளர் ஆன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிவுசெய்து, ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலை வெளியிடத் தொடங்கினார். தாவரவியலும் ஒளிப்படக் கலையும் பிறப்பிலேயே கைகோத்த இடம்.

கரைசல் ஒன்று: 100 மில்லி நீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். கரைசல் இரண்டு: 100 மில்லி நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் சம அளவில் கலந்து பூச வேண்டும். ஏ5 தாளுக்கு ஒன்றரை மில்லி என்று வைத்தால் அறுபது தாளுக்கு 90 மில்லி. சிந்துவதற்கும் சேர்த்து 100 மில்லி கலவை, அதாவது ஒவ்வொன்றிலும் 50 மில்லி போதும். தூள் கணக்கில் பன்னிரண்டரை கிராமும் ஐந்து கிராமும்தான். கலந்தபின் வைத்திருக்காதீர்கள், அன்றே பூசிவிடுங்கள். முதல் கரைசலைத் தனியே வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும்.

முந்தைய மாலை, வெயில் எட்டாத அறையில் மங்கிய மஞ்சள் பல்பின் கீழ் பூசி, இருட்டில் உலர்த்தி, கறுப்பு உறையில் வையுங்கள். உலராத தாளில் படம் திட்டுத்திட்டாக வரும். இலைகளையும் முந்தைய நாளே கனமான புத்தகத்துக்குள் அழுத்தி வைக்க வேண்டும். பச்சை இலை தாளோடு ஒட்டாமல் நிமிர்ந்து நின்றால் ஒளி அடியில் புகுந்து விளிம்பு மங்கும். மேலே கண்ணாடி, இரு பக்கமும் கிளிப்.

உச்சி வெயிலில் ஐந்து முதல் பத்து நிமிடம். மஞ்சள்பச்சையாக இருந்த தாள் சாம்பலும் வெண்கலமுமாக மாறியபின்தான் எடுக்க வேண்டும். நீலமாகத் தெரிந்ததுமே எடுப்பது பொதுவான தவறு. கழுவும்போது பாதி நீலம் ஓடிவிடும். பிறகு மஞ்சள் முழுவதும் போகும்வரை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பத்து நிமிடம் ஆகலாம், வரிசை தேங்குவது இங்கேதான். வெயிலில் பத்துச் சட்டம் வைத்தால் கழுவுமிடத்தில் இருபது தாளுக்கு இடம் வேண்டும்.

நீலம் சில நாளில் வெளுத்தால் குற்றவாளி காரம். சுண்ணாம்பு கலந்த தாள், கடின நீர், சோப்பு மூன்றுமே நீலத்தைக் கரைக்கும். முதல் கழுவும் நீரில் சிறிது வினிகர் விடுங்கள். ஆனால் ஃபெரிசயனைடு பக்கத்தில் வன்மையான அமிலம் எதுவும் வரவே கூடாது, நச்சுவாயு வெளிப்படும். கையுறை கட்டாயம். எஞ்சிய கலவையைத் துறையின் கழிவுக் கலத்தில் ஊற்றுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

கேள்வி: என் ஆய்வு புரதம் மடிவதைப் பற்றியது. அதை நடனமாக்க முடியுமா? அறிவியல் கெட்டுவிடாதா?
— உயிர்வேதியியல் ஆய்வாளர்

முடியும். முனைவர் பட்ட ஆய்வை நடனமாடிக் காட்டும் 'டான்ஸ் யுவர் பிஎச்டி' என்ற சர்வதேசப் போட்டி 2008-லிருந்து இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; ஆடுபவர் ஒவ்வொருவரும் அதில் ஒரு கண்ணி. அவர்களுக்கு உங்கள் முடிவுகளைக் கொடுக்காதீர்கள், விதிகளைக் கொடுங்கள். "நீங்கள் நால்வர் தண்ணீரை வெறுப்பவர்கள், வெளியே நிற்கப் பிடிக்காது. நீங்கள் மூவர் தண்ணீரை விரும்புபவர்கள். பக்கத்திலிருப்பவர் கையை விடக் கூடாது." இவ்வளவு போதும்; வெறுப்பவர்கள் தாமாகவே நடுவுக்குள் சுருண்டுகொள்வார்கள். அந்த நிமிடத்தில் நடன ஆசிரியருக்குப் புரதம் புரிந்துவிடும். அறிவியல் கெடுவது, ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒரு முத்திரை வைத்து அகராதி போல ஆடும்போது. பார்ப்பவருக்கு அகராதி தெரியாது.

கேள்வி: படைப்புக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கக் குறிப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம்?
— கண்காட்சிக் குழு

அறுபது சொல். 20 புள்ளி எழுத்து. படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். குறிப்பு அதைவிடச் சற்றுக் கீழே, சக்கர நாற்காலியில் இருப்பவரும் படிக்கும்படி. இரண்டு துறையினரும் சேர்ந்து எழுதினால் நூற்றைம்பது சொல் வரும். மூன்றாவது துறை மாணவர் ஒருவரிடம் கொடுத்து, அவருக்குப் புரியாத சொற்களை அடிக்கச் சொல்லுங்கள். அறுபதுக்கு வந்துவிடும்.

கேள்வி: ஒத்திகையில் விளக்குகள் அணைந்துவிட்டன; மடிக்கணினியை இணைத்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓசை; திரையில் படம் வெளுத்துத் தெரிகிறது. பொறியியல் துறை உதவுகிறது, ஆனால் எதிலிருந்து தொடங்குவது?
— மேடை நிர்வாகம்

விளக்குகளின் வாட்டைக் கூட்டி, மின்னழுத்தத்தால் வகுங்கள். 1000 வாட் விளக்கு ஆறு என்றால் 6000. 230 வோல்ட்டில் 26 ஆம்பியர். 16 ஆம்பியர் இணைப்பு மூன்று விளக்குகளைத்தான் தாங்கும். எனவே இரண்டு தனித்தனி இணைப்புகள், ஸ்பீக்கர்களுக்கு மூன்றாவது. சுருளில் சுற்றிய நீட்டிப்பு வயரை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே பெரிய சுமை ஏற்றினால் உள்ளே சூடேறி உருகும்.

'ம்ம்ம்' ஓசைக்கு மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால், இரண்டு வழியாக எர்த் போய் வளையமாகியிருக்கிறது. மடிக்கணினிக்கும் ஒலிக்கருவிக்கும் நடுவில், நேரடி மின்தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் டிஐ பெட்டி ஒன்றைப் போடுங்கள். எர்த் பின்னை வெட்டி ஓசையை நிறுத்துவோர் உண்டு. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஓர் உயிர் போகும்.

புரொஜெக்டருக்குக் கணக்கு எளிது. 3000 லூமென் ஒளியை மூன்றுக்கு இரண்டு மீட்டர் திரையில் வீழ்த்தினால் சதுர மீட்டருக்கு 500 லூமென், அதாவது 500 லக்ஸ். திரைமேல் ஏற்கெனவே 300 லக்ஸ் விளக்கு வெளிச்சம் விழுந்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 800-க்கு 300, மூன்று மடங்குகூட இல்லை. அதை 50 லக்ஸாகக் குறைத்தால் பதினோரு மடங்கு. புதிய புரொஜெக்டர் தேடும் முன் திரைக்கு மேலுள்ள விளக்குகளை அணையுங்கள்.

கேள்வி: இயற்பியல் பேராசிரியரும் நடன ஆசிரியரும் நடுவர்கள். மதிப்பெண்களைக் கூட்டி முடிவு சொன்னோம். அநியாயம் என்று சண்டை. எப்படிச் செய்திருக்க வேண்டும்?
— மாணவர் மன்றச் செயலாளர்

சண்டை போட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். மூன்று குழுக்கள் என்று வையுங்கள். ஒரு நடுவர் 90, 60, 50 கொடுக்கிறார். இன்னொருவர் 78, 80, 82. கூட்டினால் 168, 140, 132. முதல் நடுவரின் வரிசை அப்படியே முடிவாகிவிட்டது. இரண்டாமவர் அதற்கு நேரெதிராகச் சொன்னது எங்குமே தெரியவில்லை. மதிப்பெண்ணைத் தாராளமாக விரித்துப் போடுபவர்தான் உண்மையில் தீர்ப்பளிக்கிறார்.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு இடங்களைக் கூட்டுங்கள். இதே எடுத்துக்காட்டில் 1, 2, 3 என்பதும் 3, 2, 1 என்பதும் சேர்ந்தால் மூன்று குழுவுக்கும் 4. சமம். இது குழப்பமில்லை, உண்மை நிலவரம்: நடுவர்கள் இருவரும் எதிரெதிராக நிற்கிறார்கள், உட்கார்ந்து பேச வேண்டும். கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சைத் தொடங்க, ஒவ்வொருவரும் அடுத்தவர் துறையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும். தன் துறையைப் பற்றிப் பிறகு பேசலாம். மூன்றாவது நடுவராக இரண்டிலும் சேராத ஒருவரை, வரலாற்றிலிருந்தோ பொருளாதாரத்திலிருந்தோ, அழைத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பம் எவ்வளவு, அழகு எவ்வளவு என்று பிரித்து மதிப்பிடும் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். அது குழுக்களை மறுபடியும் தனித்தனி மேசைக்கு அனுப்பிவிடும்.